வீட்டுக் கணினியில் பெரிய பகா எண் தேடுவது எப்படி? சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலம், சுங்கை சிப்புட். வீட்டுக்குப் பின்னால் செம்பனை, முன்னால் தாமான் சாலை. இங்கே உட்கார்ந்துகொண்டுதான் உலகத்தின் மிகப் பெரிய பகா எண்ணைத் தேடும் கூட்டு வேலையில் என் கணினியையும் சேர்த்திருக்கிறேன். முதல் முடிவை ஒழுங்காக அனுப்பி வைக்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது. விவரம் தெரிந்த யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். தமிழில் தேடிப் பார்த்தேன், படிப்படியாகச் சொல்லும் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

படிவம் 4, 5 மாணவர்கள், கணிதத்தில் ஆசை விடாத ஆசிரியர்கள், வேலை முடிந்து வந்து எதையாவது உருப்படியாகச் செய்ய நினைப்பவர்கள், யாரும் சேரலாம். பட்டம் வேண்டாம். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். பொறுமை மட்டும் நிறைய வேண்டும்.

இப்போதைக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண் இது: 2^136279841 − 1. அதாவது 2ஐ 136,279,841 தடவை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழிக்க வேண்டும். மொத்தம் 41,024,320 இலக்கங்கள். வினாடிக்கு ஓர் இலக்கம் என்று தூங்காமல் வாசித்தாலும் 474 நாளுக்கு மேல் ஆகும். 2இன் அடுக்கிலிருந்து ஒன்று குறைவாக வரும் இப்படிப்பட்ட பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இதுவரை 52தான் தெரியும். நாம் தேடப்போவது அடுத்ததை.

1. கணினியைத் தொடுமுன் எண்ணைக் கையால் தொடுங்கள்

செலவு: ஒரு நோட்டுப் புத்தகம். நேரம்: ஒரு மாலைப் பொழுது.

நான் இந்தப் படியைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராக மென்பொருளை இறக்கினேன். திரையில் வந்த எதுவும் புரியவில்லை, எந்த வேலையைத் தேர்ந்தெடுப்பது என்றும் தெரியவில்லை. பிறகு பின்னால் வந்து நோட்டை எடுத்தேன். நீங்கள் நோட்டிலேயே தொடங்குங்கள்.

முதல் விஷயம், அடுக்கு பகா எண்ணாக இருந்தாக வேண்டும். அடுக்கு 6 என்று வைத்துப் பாருங்கள்: 2^6 − 1 = 63. ஆறில் 2, 3 இரண்டும் அடங்கியிருப்பதால், 63ஐ 2^2 − 1 ஆகிய 3உம் வகுக்கும், 2^3 − 1 ஆகிய 7உம் வகுக்கும். எந்த அடுக்கு பகுபட்டாலும் இதே கதிதான். அதனால் பகு எண் அடுக்குகளைத் தொடவே வேண்டாம்.

இங்கே ஒரு பொறி. அடுக்கு பகா எண் என்றால் விடையும் பகா எண் என்று நினைத்துவிடாதீர்கள். 11 பகா எண். ஆனால் 2^11 − 1 = 2047 = 23 × 89. முதல் நாளே இதை நோட்டில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அந்த 23ஐயும் 89ஐயும் இன்னொரு தடவை பாருங்கள். 23 = 2 × 11 + 1. 89 = 8 × 11 + 1. இது தற்செயல் இல்லை. ஒற்றைப் பகா எண் அடுக்குள்ள மெர்சென் எண்ணை ஏதாவது ஓர் எண் வகுக்கிறது என்றால், அது அடுக்கின் இரட்டிப்பை முழு எண்ணால் பெருக்கி ஒன்று கூட்டிய வடிவத்தில்தான் இருக்கும். அதோடு அதை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும்.

இந்தச் சட்டம் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்துகிறது என்று 13இல் சோதித்துப் பாருங்கள். 2^13 − 1 = 8191. இதன் வர்க்கமூலம் 90ஐத் தாண்டிக் கொஞ்சம், ஆக 90 வரை பார்த்தால் போதும். 26இன் மடங்கோடு ஒன்று கூட்டினால் 27, 53, 79. இதில் 27ஐ 8ஆல் வகுத்தால் மீதி 3, அடித்துவிடுங்கள். 53க்கு மீதி 5, அதையும் அடியுங்கள். 79க்கு மீதி 7, இது ஒன்றுதான் நிற்கிறது. 8191ஐ 79ஆல் வகுத்தால் மீதி 54. முடிந்தது! 8191 பகா எண் என்று ஒரே ஒரு வகுத்தலில் நிரூபித்துவிட்டீர்கள். பின்னால் மென்பொருளில் "டிரையல் ஃபேக்டரிங்" என்று ஒரு வேலை வரும். அது செய்வதும் இதைத்தான், கோடிக்கணக்கான தடவை.

இரண்டாவது விஷயம், லூக்கா–லேமர் சோதனை. எண் பெரிதானால் வகுத்து வகுத்துப் பார்க்க ஆயுள் போதாது. அங்கே இதுதான் கை கொடுக்கும். 4இல் தொடங்குங்கள். வர்க்கம் எடுங்கள், 2ஐக் கழியுங்கள், மெர்சென் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கில் இரண்டைக் கழித்தால் எத்தனையோ அத்தனை தடவை இதைச் செய்ய வேண்டும். கடைசியில் சுழியம் வந்தால் பகா எண், வேறு எது வந்தாலும் பகு எண்.

அடுக்கு 7, எண் 127, ஐந்து சுற்று. இங்கே 127ஆல் வகுக்கவே தேவையில்லை. 128ஆல் வகுத்து ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும்.

4 × 4 = 16. 2 போக 14.
14 × 14 = 196. 128இல் ஈவு 1, மீதி 68. கூட்டினால் 69, 2 போக 67.
67 × 67 = 4489. ஈவு 35, மீதி 9. கூட்டினால் 44, 2 போக 42.
42 × 42 = 1764. ஈவு 13, மீதி 100. கூட்டினால் 113, 2 போக 111.
111 × 111 = 12321. ஈவு 96, மீதி 33. கூட்டினால் 129, அதில் 127 போனால் 2. அந்த 2ஐயும் கழித்தால் 0.

என் அக்கா மகன், படிவம் 4 படிக்கிறவன், பழைய மின்சார பில்லின் பின்பக்கத்தில் இதைப் போட்டுப் பார்த்தான். கடைசி வரி வந்ததும் "மாமா, சுழியம் வந்துருச்சு!" என்று கத்தினான். அந்தத் தாளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

127ஆல் வகுப்பது ஏன் இவ்வளவு சுலபமாக ஆகிவிடுகிறது என்றால், இரும எண் முறையில் 127 என்பது ஏழு ஒன்றுகள்: 1111111. மேலே சொன்ன ராட்சத எண்ணும் அப்படித்தான். 136,279,841 ஒன்றுகள் வரிசையாக நிற்கின்றன, நடுவில் ஒரு சுழியம்கூட இல்லை. கணினி உள்ளுக்குள் இரும முறையில் வேலை செய்வதால், வகுத்தல் என்ற பாரமான வேலை வெட்டிக் கூட்டும் வேலையாகிவிடுகிறது. பெரிய பகா எண் பட்டியலின் உச்சியில் மெர்சென் எண்களே வந்து உட்கார்வதற்கு இதுதான் முக்கியக் காரணம். மற்ற வடிவ எண்களை இவ்வளவு சீக்கிரம் சோதிக்க முடியாது.

நேரம் இருந்தால் இதையும் செய்யுங்கள். அந்தப் பெரிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் கணினி இல்லாமலே கண்டுபிடிக்கலாம். 2இன் அடுக்குகளின் கடைசி இரண்டு இலக்கங்கள், 4இலிருந்து எண்ணினால், 20 அடுக்குக்கு ஒரு தடவை திரும்பி வரும். 136,279,841ஐ 20ஆல் வகுத்தால் மீதி 1. அதே மீதி தரும் 21ஐ எடுங்கள்: 2^21 = 2,097,152. கடைசியில் 52. ஒன்றைக் கழித்தால் 51. நாலு கோடி இலக்கம் உள்ள எண்ணின் வால் 51 என்று உங்கள் நோட்டிலேயே வந்துவிட்டது.

இலக்கங்கள் முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், 41 எம்பி வட்டாரம் வரும். அச்சடிக்க மட்டும் நினைக்காதீர்கள். பக்கத்துக்கு 4000 இலக்கம் என்று வைத்தாலும் 10,257 பக்கம். போட்டோஸ்டாட் பக்கம் 10 காசு என்றால்கூட ஆயிரம் வெள்ளியை (ரிங்கிட்) தாண்டும்.

2. எந்தக் கணினி?

புதிதாக வாங்க வேண்டாம். வீட்டில் மேசைக் கணினி இருந்தால் அதுவே போதும். மடிக்கணினி இருபத்து நாலு மணி நேர வேலைக்கு ஆகாது. நம் ஊர் வெயிலில் மத்தியானம் சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், பேட்டரியும் உப்பும். மடிக்கணினிதான் இருக்கிறது என்றால் இரவில் மட்டும் ஓட்டுங்கள், அடியில் காற்றுப் போக இடம் விட்டு.

பழைய கணினி வாங்குகிறீர்கள் என்றால், கடைக்காரர் பிராசஸர் பெயரைத்தான் பெருமையாகச் சொல்வார். நீங்கள் ராம் எத்தனை துண்டு என்று கேளுங்கள். எனக்கு ஈப்போ கடை ஒன்றில் 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். ஒன்றல்ல. இந்த வேலையில் கோடிக்கணக்கான இலக்கமுள்ள எண்ணை ஃபூரியே உருமாற்றம் என்ற முறையில் திரும்பத் திரும்ப வர்க்கம் எடுக்கிறோம். பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே ஓயாமல் போக்குவரத்து. ஒரே துண்டு என்றால் ஒற்றையடிப் பாதை, இரண்டு 8 ஜிபி என்றால் இருவழிச் சாலை. துண்டை மாற்றிய அன்று என் கணினியின் வேகம் கண்ணுக்குத் தெரியக் கூடியது.

வட்டில் குறைந்தது 20 ஜிபி காலி இடம் வேண்டும். காரணம் 7ஆம் படியில் வரும்.

3. மின்சாரமும் இடியும்

இந்த வேலையில் உண்மையான செலவு மின்சாரம் ஒன்றுதான். செருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்று வாங்கி, வேலை ஓடும்போது கணினி எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். என்னுடையது 120 வாட். ஒரு நாளைக்கு 2.88 யூனிட், மாதம் 86 யூனிட் சொச்சம். யூனிட்டுக்கு 45 காசு என்று கணக்கு வைத்தால் மாதம் 39 வெள்ளி வட்டாரம். உங்கள் விகிதத்தை டி.என்.பி. மின்சார பில்லில் பார்த்து அதைப் போடுங்கள். வீட்டின் மொத்தப் பயன்பாடு கூடக் கூட பில்லில் வரும் சலுகை குறையும். அதனால் கணினியின் யூனிட்டை மட்டும் தனியாகப் பெருக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். முதல் மாத பில் வந்ததும் பழைய பில்லோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

வீட்டில் பில் கட்டுகிறவர் வேறொருவர் என்றால் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது கணக்கைவிட முக்கியம்.

அடுத்தது இடி. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மேற்கே கறுத்தால் வேலையை நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மோடத்தையும் பிடுங்குங்கள். வேலை 80 விழுக்காடு முடிந்திருந்த ஒரு நாள், "பத்து நிமிஷம்தானே" என்று விட்டுவிட்டு ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது பவர் சப்ளையும் வட்டும் போயிருந்தன. பணம் போனதைவிட அந்தப் பதினெட்டு நாள் வேலை போனதுதான் வலித்தது. வேலையின் இடைநிலைக் கோப்பு அந்த வட்டில் மட்டுமே இருந்தது.

கணினியைத் தரையில் வைக்காதீர்கள். எறும்பு பவர் சப்ளைக்குள் குடியேறும். மாதத்துக்கு ஒரு தடவை விசிறியில் படிந்த தூசியைத் தட்டுங்கள், செம்பனை லாரி போகும் சாலையோரம் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை.

4. பதிவும் பத்திரங்களும்

இந்தத் தேடலை நடத்துவது ஜிம்ப்ஸ் என்ற அமைப்பு. ஜார்ஜ் வோல்ட்மன் 1996இல் தொடங்கியது. அவர்களின் தளம் மெர்சென்.ஆர்க் (mersenne.org). அங்கே கணக்குத் திறக்க ஒரு மின்னஞ்சல், ஒரு பயனர் பெயர், ஒரு கடவுச்சொல், அவ்வளவுதான். கட்டணம் ஒரு காசு இல்லை. அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் எதுவும் தேவையில்லை. யாராவது "பதிவு செய்து தருகிறேன், ஐசி படம் அனுப்பு, 50 வெள்ளி கொடு" என்று வந்தால் விலகி நில்லுங்கள்.

பயனர் பெயரை யோசித்து வையுங்கள், பட்டியல்களில் எல்லோருக்கும் தெரியும். கடவுச்சொல்லை நோட்டிலும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி கேட்கும், அப்போது நினைவிருக்காது.

பள்ளிக் கணினி, அலுவலகக் கணினி என்றால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஓட்டவே கூடாது. அமைப்பும் அதைத்தான் சொல்கிறது. கடிதத்தில் எந்தக் கணினி, எந்த நேரம், மாதம் உத்தேசமாக எத்தனை யூனிட், யார் பொறுப்பு, எப்போது நிறுத்தப்படும் என்ற ஐந்தும் இருக்கட்டும். தலைமையாசிரியர் கையெழுத்தோடு ஒரு நகல் உங்களிடம் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக "சரி செய்யுங்க" என்பதை நம்பித் தொடங்கினால், பொறுப்பாளர் மாறியதும் சிக்கல் வரும்.

5. நிறுவுவதும் ஓர் இரவுச் சோதனையும்

விண்டோஸ் என்றால் பிரைம்95, லினக்ஸ் என்றால் எம்பிரைம். ஜிப் கோப்பாக வரும். தனி ஃபோல்டர் ஒன்றில் பிரித்து வையுங்கள். டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். பல கணினிகளில் டெஸ்க்டாப் தானாக ஒன்டிரைவுக்குப் போய்க்கொண்டிருக்கும், ஒவ்வொரு இடைநிலைக் கோப்பையும் அது மேலேற்றப் பார்க்கும். இணையம் திணறும்.

முதல் தடவை திறக்கும்போது சேர்வதா, வெறும் சோதனை மட்டும் செய்வதா என்று கேட்கும். முதலில் "டார்ச்சர் டெஸ்ட்" என்ற சோதனையை ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். கணினியின் கணக்கு எங்காவது பிசகுகிறதா என்று அது காட்டும். 2016இல் இன்டெல்லின் ஸ்கைலேக் பிராசஸர்களில் இருந்த ஒரு பிழையே இந்த மென்பொருளை ஓட்டியவர்களால்தான் வெளியில் தெரிந்தது. சோதனையில் பிழை வந்தால் ராம் துண்டைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள், வேகத்தைக் கூட்டியிருந்தால் பழைய நிலைக்குக் கொண்டு வாருங்கள். பிழை நிற்காத கணினியில் மேலே போகாதீர்கள்.

காலையில் சுத்தமாக வந்தால், சேரும் இடத்துக்குப் போய்ப் பயனர் பெயரைக் கொடுங்கள்.

6. எந்த வேலையைக் கேட்பது?

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பட்டியலில் நாலைந்து வகை இருக்கும்.

டிரையல் ஃபேக்டரிங், முதல் படியில் 79ஆல் வகுத்தோமே, அது. இதைக் கிராபிக்ஸ் அட்டைகள் பல மடங்கு வேகமாகச் செய்கின்றன. சாதாரணப் பிராசஸரில் எடுக்காதீர்கள், மின்சாரம் வீண்.

பி−1 என்பது வேறொரு வழியில் வகுக்கும் எண்ணைத் தேடுவது. ராம் அதிகம் கேட்கும். மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் எத்தனை ஜிபி தரலாம் என்று ஓர் இடம் இருக்கிறது, அதைத் தொடாமல் விட்டால் மிகக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி கணினியில் நான் 8 கொடுத்திருக்கிறேன்.

"டபுள் செக்" என்பது முன்பு ஒருவர் செய்த கணக்கை மறுபடி செய்து ஒப்பிடுவது. அடுக்கு சிறியது, சீக்கிரம் முடியும். உங்கள் முதல் வேலை இதுவாக இருக்கட்டும். விடை பழையதோடு ஒத்துப்போனால் உங்கள் கணினியை நம்பலாம் என்று அர்த்தம். நான் நேராகப் பெரியதில் குதித்தேன், தவறு எங்கே என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம் போயிற்று.

முதல் சோதனை, அதாவது யாரும் இதுவரை சோதிக்காத அடுக்கு. புதிய பகா எண் கிடைக்கிற இடம் இதுதான். இங்கே இப்போது லூக்கா–லேமர் ஓடுவதில்லை, பி.ஆர்.பி. என்ற சோதனை ஓடுகிறது, அதாவது எண் அநேகமாகப் பகா எண்ணா என்று பார்ப்பது. தொடங்குவது 3இல், மற்றபடி இதுவும் வர்க்கம் எடுத்துக்கொண்டே போவதுதான். ஆனால் ராபர்ட் கெர்பிட்ஸ் கண்டுபிடித்த ஒரு சரிபார்ப்பு கூடவே ஓடும். நடுவில் வெப்பத்தாலோ ராமாலோ ஓர் இலக்கம் பிசகினால் அது பிடித்துவிடும், கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடரும். நம் ஊர்ச் சூட்டுக்கு இது பெரிய பாதுகாப்பு.

வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். ஓர் அடுக்கு பகா எண்ணைத் தரும் வாய்ப்பு பல லட்சத்தில் ஒன்று. மென்பொருளே அதைத் திரையில் எழுதிக் காட்டும். "பகா எண் இல்லை" என்ற முடிவும் முடிவுதான், அந்த அடுக்கை இனி யாரும் தொட வேண்டியதில்லை. இதை மனதார ஏற்றுக்கொள்ள முடிந்தால் சேருங்கள்.

7. எத்தனை நாள் ஆகும்?

திரையில் ஒரு சுற்றுக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று ஓடிக்கொண்டிருக்கும். அடுக்கு எவ்வளவோ கிட்டத்தட்ட அத்தனை சுற்று. அடுக்கு 136 மில்லியன் வட்டாரம் என்றால், ஒரு மில்லிசெகண்டுக்கு ஒன்றரை நாளுக்குக் கொஞ்சம் கூட என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 மில்லிசெகண்ட் என்றால் ஆறு நாளைக்கு மேல், 10 என்றால் பதினாறு நாள், 15 என்றால் இருபத்து நாலு நாள். இரவில் மட்டும் ஓட்டினால் இதை இரண்டரையால் பெருக்குங்கள்.

மென்பொருளில் ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் பிரிவுக்கு வொர்க்கர் என்று பெயர். எத்தனை கோர் இருந்தாலும் பெரிய அடுக்குக்கு ஒரே வொர்க்கர் வையுங்கள். நாலு வொர்க்கர் வைத்தால் நாலு வேலை ஒரே நேரத்தில் ஆமை வேகத்தில் நகரும், எதுவும் தவணைக்குள் முடியாது. வேலைக்குத் தவணை உண்டு. நீண்ட நாள் கணினி சர்வரைத் தொடர்பு கொள்ளாவிட்டால் அடுக்கை உங்களிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

வாரத்துக்கு ஒரு தடவை, வேலையை நிறுத்திவிட்டு, ஃபோல்டர் முழுவதையும் பென்டிரைவில் நகல் எடுங்கள். இடி விழுந்த பிறகு நான் கற்றுக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்து நிமிடம்.

பி.ஆர்.பி. வேலை முடியும்போது ஒரு நிரூபணக் கோப்பு உருவாகும். அதைக் கொண்டு இன்னொரு கணினி, முழு வேலையில் ஒரு விழுக்காடுகூட இல்லாத நேரத்தில், உங்கள் கணக்கு சரி என்று உறுதிப்படுத்திவிடும். இந்தக் கோப்பைத் தயாரிக்க, வேலை ஓடும்போதே நாலைந்து ஜிபி தற்காலிக இடம் தேவை. மென்பொருளின் செட்டிங்ஸில் ஒரு வொர்க்கருக்கு வட்டில் எத்தனை ஜிபி என்று கேட்கும் இடத்தில் 6க்குக் குறையாமல் போடுங்கள். நான் இடம் மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதைச் சுழியமாக்கி வைத்திருந்தேன். வேலை முடிந்தது, முடிவும் போயிற்று, ஆனால் நிரூபணம் இல்லை. முகம் தெரியாத யாரோ ஒருவர் அத்தனை நாள் கணக்கையும் முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டியதாகிவிட்டது. அவர் மின்சாரத்தை நான் வீணாக்கினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

கோப்பின் அளவு 150 எம்பி வட்டாரம். ஃபைபர் இணைப்பில் சிரமமில்லை. கைப்பேசி டேட்டாவில் ஓட்டுகிறவர்கள் இரவில் மட்டும் மேலேற்றும்படி நேரத்தைக் குறித்து வைக்கலாம். மேலேறி முடிந்தது என்ற வரியைக் கண்ணால் பார்க்கும்வரை கணினியை அணைக்காதீர்கள்.

8. பகா எண் என்று வந்துவிட்டால்?

முதலில், யாரிடமும் சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பி.ஆர்.பி. சோதனை சொல்வது "அநேகமாகப் பகா எண்" என்பதை மட்டும்தான். சர்வருக்குச் செய்தி தானாகப் போகும், வேறு கணினிகளில், வேறு மென்பொருள்களில் லூக்கா–லேமர் சோதனையை ஓட்டிப் பார்ப்பார்கள். இப்போதுள்ள பெரிய எண்ணைக் கண்டுபிடித்த லூக் டூராண்டுக்கும் அப்படித்தான். டப்ளினில் ஒரு கிராபிக்ஸ் அட்டை 2024 அக்டோபர் 11இல் முதல் அறிகுறியைத் தந்தது, மறுநாள் டெக்சஸ் மாநிலத்தில் ஓடிய லூக்கா–லேமர் சுழியத்தைக் காட்டியது, அதற்குப் பிறகும் பல சரிபார்ப்புகள் முடிந்துதான் 21ஆம் தேதி அறிவித்தார்கள்.

பரிசு 3,000 அமெரிக்க டாலர். 10 கோடி இலக்கத்தைத் தாண்டும் முதல் பகா எண்ணுக்கு மின்னணு எல்லை அறக்கட்டளை 150,000 டாலர் அறிவித்திருக்கிறது, ஜிம்ப்ஸ் வழியாகக் கண்டுபிடித்தவருக்கு அதில் 50,000. அதற்கு அடுக்கு 332 மில்லியனைத் தாண்ட வேண்டும். ஒரு சோதனைக்கே வீட்டுக் கணினியில் மாதக்கணக்காகும். பணத்துக்காக இதில் இறங்காதீர்கள். மின்சார பில் முதல் வருடமே அந்த ஆசையைக் கேள்வி கேட்கும்.

"பெரிய பகா எண்ணை வங்கிகள் லட்சக்கணக்கில் வாங்கும்" என்று சுற்றும் செய்தி பொய். வங்கிப் பாதுகாப்புக்குப் பயன்படும் பகா எண்கள் சில நூறு இலக்கம் உள்ளவை, கணினி அவற்றை ஒரு நொடியில் தானே உருவாக்கிக்கொள்ளும், அவை ரகசியமாகவும் இருக்க வேண்டும். உலகத்துக்கே தெரிந்த நாலு கோடி இலக்க எண்ணை வைத்து யாரும் பூட்டுப் போட முடியாது.

இன்னொன்று. இப்போதைய எண்ணை "52ஆவது மெர்சென் பகா எண்" என்று எழுதுகிறார்கள். கண்டுபிடித்த வரிசையில் அது 52. அளவு வரிசையில் அதற்குக் கீழே தப்பியது ஏதும் இருக்கிறதா என்பது, இடையிலுள்ள அடுக்குகள் எல்லாம் இரண்டாம் தடவை சரிபார்க்கப்பட்ட பிறகுதான் உறுதியாகும். டபுள் செக் எடுப்பவர்களின் வேலை அங்கேதான் போய்ச் சேர்கிறது.

9. நிறுத்த வேண்டியிருந்தால்

வீடு மாறுகிறீர்கள், பரீட்சை வருகிறது, பில் தாங்கவில்லை. சொல்லாமல் அணைத்துவிட்டுப் போகாதீர்கள். கையில் உள்ள அடுக்கு தவணை முடியும்வரை உங்கள் பெயரிலேயே கிடக்கும், வேறு யாரும் எடுக்க முடியாது. கொஞ்ச நாள்தான் மிச்சம் என்றால் முடித்துவிட்டு, புது வேலை வாங்காதே என்று குறித்துவிட்டு நிறுத்துங்கள். இல்லையென்றால் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், கையிலுள்ள வேலைகளின் பட்டியலில் அதைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை. மறுநாளே வேறு ஏதோ ஊரில் ஒரு கணினி அந்த அடுக்கை எடுத்துக்கொள்ளும்.